நாலு சொல்லுக்கும் ஒரே மேடையா?

கேள்வி: ஓர் அமைப்பின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூலத்தில் டயஸ், போடியம், லெக்டர்ன், ரோஸ்ட்ரம் என்று நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் ‘மேடை’ என்றே போட்டிருக்கிறது. அப்படியே எழுதினேன். ‘மேடையில் சிறப்பு விருந்தினர்கள் அமர்ந்திருப்பார்கள். பேச்சாளர் மேடையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்து, மேடையின் மேல் தம் குறிப்புகளை வைத்துப் பேசுவார்’ என்று வந்து நிற்கிறது. படித்தவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். குழுவில் ஒருவர், ரோஸ்ட்ரம் என்றால் லத்தீனில் அலகு, அதனால் ‘அலகுமேடை’ என்று புதுச்சொல் ஆக்கலாம் என்கிறார். இந்த ரோஸ்ட்ரம் உண்மையில் என்ன? இணைச்சொற்களில் எதை எங்கே போடுவது? நிரல் மூன்று இடத்துக்குப் போகும்: அழைப்பிதழ், தொகுப்பாளர் கையில் வைத்திருக்கும் குறிப்பு, மேடை அமைப்பவர்களுக்கான பொருள் பட்டியல்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அலகுமேடை வேண்டாம். முதலில் அதை ஓரங்கட்டிவிடுவோம். ஆனால் உங்கள் குழு நண்பர் சொன்ன லத்தீன் செய்தி சரிதான், அதன் கதையும் கேட்கத் தகுந்தது.

ரோஸ்ட்ரம் என்பது லத்தீனில் பறவையின் அலகையும் விலங்கின் நீண்ட மூஞ்சியையும் குறித்த சொல். கொறிப்பது, கடிப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. பழங்காலப் போர்க்கப்பலின் முன்புறத்தில் நீர்மட்டத்தை ஒட்டி வெண்கலத்தால் ஆன முட்டுமுனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாக வந்து எதிரிக் கப்பலின் விலாவில் மோதி ஓட்டை போடுவதுதான் அதன் வேலை. பார்க்க அலகு போல இருந்ததால் அதற்கும் ரோஸ்ட்ரம் என்றே பெயர் வைத்தார்கள். கி.மு. 338இல் ரோமர்கள் ஆண்டியம் என்ற கடற்கரை நகரை அடக்கினார்கள். பிடிபட்ட கப்பல்களில் சிலவற்றைத் தங்கள் கப்பல் துறைக்குக் கொண்டுபோனார்கள், மிச்சத்தை எரித்தார்கள். எரித்தவற்றின் அலகுகளை மட்டும் கழற்றி வந்து, ரோம் நகரின் பொதுச் சதுக்கத்தில் பேச்சாளர்கள் ஏறி நின்று மக்களிடம் பேசும் மேடையின் முகப்பில் பதித்துவைத்தார்கள். அந்த வெற்றியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கேயஸ் மேனியஸ், அந்த ஆண்டின் இரண்டு கான்சல்களில், அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளர்களில், ஒருவர். அன்றிலிருந்து மேடைக்கே ‘ரோஸ்ட்ரா’, அதாவது ‘அலகுகள்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்றல்ல, பல அலகுகள் இருந்ததால் லத்தீனில் அது பன்மை. ஆங்கிலம் அதை ஒருமையாக்கி ரோஸ்ட்ரம் என்று எடுத்துக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் பன்மைக்கு ரோஸ்ட்ரம்ஸ், ரோஸ்ட்ரா இரண்டும் செல்லும்.

அந்த மேடை சும்மா பேசிவிட்டு இறங்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கி.மு. 44இல் சீசர் அதை இடம் மாற்றிக் கட்டவைத்தார். மறு ஆண்டு, ரோமின் பெயர்பெற்ற பேச்சாளரான சிசரோ கொல்லப்பட்டபோது, அவர் எங்கே நின்று மக்களிடம் பேசினாரோ அதே ரோஸ்ட்ராவில்தான் அவருடைய தலையையும் கையையும் அவருடைய அரசியல் எதிரி ஆண்டனியின் ஆணைப்படி பார்வைக்கு வைத்தார்கள். பேச்சுக்கு அவ்வளவு விலை இருந்த இடம். இன்றைக்கும் ஆங்கிலத்தில் ரோஸ்ட்ரம் என்றால் அந்தப் பழைய கனம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பொதுமக்கள் முன், முறைப்படி, பலர் பார்க்க நின்று பேசும் இடம் என்ற தொனி. ஐ.நா. பொதுச்சபையில் ஒரு நாட்டுத் தலைவர் பேசினால் ரோஸ்ட்ரம் என்று எழுதுவார்கள். ஏலம் விடுபவர் நிற்கும் இடமும் ரோஸ்ட்ரம்தான். உங்கள் நிரலை ஆங்கிலத்தில் எழுதியவர், விழா சற்று கம்பீரமாகத் தெரியட்டும் என்று அதைப் போட்டிருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் அலகு பதித்த மேடையைப் பார்த்த ரோமர்களுக்கு அந்தப் பெயர் கண்ணெதிரே இருந்த பொருளின் பெயர். நம் விழா மேடையில் அலகு எதுவும் இல்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துகொள்ள நல்ல செய்தி. அதையே பெயர்த்து வைத்தால் படிப்பவர் கோழியைத்தான் நினைப்பார்.

அதேசமயம், அலகு என்ற பொருள் செத்துவிடவும் இல்லை. உயிரியல் கட்டுரை ஒன்றில் ரோஸ்ட்ரம் என்று வந்தால் மேடை என்று எழுதிவிடாதீர்கள். இறாலின் தலையில் கண்களுக்கு நடுவே முன்னோக்கி நீட்டிக்கொண்டு, விளிம்பில் ரம்பம் போலப் பற்களோடு ஒரு கூர்முனை இருக்குமே, அது ரோஸ்ட்ரம். டால்ஃபினின் நீண்ட மூஞ்சியும் ரோஸ்ட்ரம். மூளையின் அமைப்பை விவரிக்கும்போதும் இதே சொல் வரும். அங்கெல்லாம் மூக்குமுனை, அலகுமுனை, மூஞ்சி என்று இடத்துக்குத் தக்கபடி போக வேண்டும்.

சரி, மேடை விவகாரத்துக்கு வருவோம்.

உங்கள் நான்கு சொற்களையும் பிரிக்க நான் செய்வது ஒன்றுதான். சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பேன். அவர் அதில் உட்கார்ந்திருக்கிறாரா? அதன் மேல் நிற்கிறாரா? அதற்குப் பின்னால் நிற்கிறாரா? அதில் எதையாவது வைக்கிறாரா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் அகராதியில் நான்கும் ஒன்றாகக் கிடப்பது ஒரு பொருட்டே இல்லை.

டயஸ் என்றால் உட்காரும் இடம். கூடத்தின் ஒரு கோடியில் தரையைவிடச் சற்று உயர்த்திய தளம், அதில் மேசை நாற்காலி போட்டு முக்கியமானவர்கள் அமர்வார்கள். லத்தீனில் வட்டத் தட்டைக் குறித்த டிஸ்கஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி வந்தது இது. முதலில் மேசை, பிறகு பெரியவர்கள் சாப்பிட அமரும் உயர்ந்த மேசை, அப்புறம் அந்த மேசை நிற்கும் மேடான தளம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. டிஸ்க், டிஷ், டெஸ்க், டயஸ் நான்கும் ஒரே வேரில் முளைத்தவை என்றால் சட்டென்று நம்பமாட்டோம்.

போடியம் ஏறி நிற்பது. கிரேக்கத்தில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, சின்னப் பாதம் என்பது போலப் பொருள். இசைக்குழுவை நடத்துபவர் ஏறி நிற்கும் சிறு பலகைமேடை போடியம். விளையாட்டில் முதல் மூவர் ஏறி நின்று பதக்கம் வாங்குவதும் போடியம். கட்டடக் கலையில் அடித்தளம், அகன்ற கீழ்த்தளம் என்ற பொருளும் உண்டு. அங்கே பீடம் என்பது ஓரளவு பொருந்தும்.

லெக்டர்ன் என்பது மேல்பகுதி சாய்வாக இருக்கும் உயரமான மேசை. லத்தீனில் வாசிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. லெக்சர் என்ற சொல்லும் அதே குடும்பம். தேவாலயத்தில் வேதாகமத்தை விரித்து வைத்து வாசிப்பதற்கென்று இருந்த பொருள், பிறகு கல்லூரிக்கும் விழா மேடைக்கும் வந்துவிட்டது. பழைய தேவாலயங்களில் பித்தளைக் கழுகு சிறகை விரித்து நிற்க, அந்தச் சிறகின் மேல் புத்தகம் இருப்பது போல லெக்டர்ன்கள் உண்டு. உங்கள் நண்பருக்கு அலகு கட்டாயம் வேண்டுமென்றால் அங்கே போய்த் தேடலாம்.

இப்போது உங்களைக் குழப்பும் இடம் எது என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்க வழக்கில், லெக்டர்னையே போடியம் என்று சொல்லும் பழக்கம் பரவிவிட்டது. இலக்கணக் கண்டிப்புள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். போடியம் ஏறி நிற்பது, லெக்டர்ன் பின்னால் நிற்பது, இதுகூடத் தெரியாதா என்பார்கள். ஆனால் அகராதிகளும் இந்தப் பொருளைப் பதிந்துவிட்டன, அதனால் சண்டை போட்டுப் பயனில்லை. தமிழ் விழாக்களிலும் பேச்சாளர் முன்னால் இருக்கும் அந்தச் சாய்வு மேசையைத்தான் போடியம் என்கிறோம். ‘போடியத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிவையுங்கள்’ என்றால் யாரும் மேடையைத் தள்ளப் போவதில்லை. எனவே உங்கள் மூலத்தில் போடியம் வரும்போது அதை ஒட்டி நிற்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். போடியத்தின் ‘மேல்’ ஒருவர் நின்றால் அது மேடை. போடியத்தின் ‘பின்னால்’ நின்றாலோ, அதில் காகிதத்தை வைத்தாலோ, அதன் முகப்பில் சின்னம் ஒட்டியிருந்தாலோ அது மேசை. உங்கள் வாக்கியத்தில் குறிப்புகளை எதன் மேல் வைக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நான்காவது மேடை அங்கே வந்திருக்காது.

ரோஸ்ட்ரம் இந்த விஷயத்தில் வழுக்கும் சொல். சிலர் மேடையை அப்படிச் சொல்வார்கள், சிலர் மேடை மீதிருக்கும் மேசையைச் சொல்வார்கள், சிலர் இரண்டையும் சேர்த்து ‘பேசும் இடம்’ என்று சொல்வார்கள். பொருளின் வடிவத்தைவிட அது என்ன வேலைக்கு என்பதுதான் அதில் முந்தி நிற்கிறது. ஆகவே தமிழிலும் வேலையைச் சொன்னால் போதும்: பேச்சு மேடை, உரைமேடை, சொற்பொழிவு மேடை.

நம் மொழியில் மேடை என்ற சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் உங்கள் கவலை பாதி குறைந்துவிடும். மேடு, மேடை. தரையைவிட உயர்ந்திருந்தால் போதும், அது மேடைதான். அதற்கு மேல் என்ன மேடை என்பதை முன்னால் வரும் சொல் சொல்லும். மணமேடை, தூக்குமேடை, நடைமேடை, அடுப்பு மேடை, பலிமேடை, பதக்க மேடை. தூக்குமேடையையும் மணமேடையையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை (திருமண நகைச்சுவைகளை விட்டுவிடுவோம்). அதனால் பேச்சுமேடை என்று எழுதத் தயங்க வேண்டியதே இல்லை. அது புதுச்சொல்லும் அல்ல. மேடைப்பேச்சு, மேடைத்தமிழ், மேடைக்கூச்சம் என்று மேடை நம் வாயில் பேச்சோடு ஒட்டியேதான் வருகிறது. பாடகருக்கும் நடிகருக்கும் மேடை உண்டுதான், ஆனால் ‘அவர் மேடையில் நல்லா பேசுவார்’ என்பதைத்தான் அடிக்கடி கேட்கிறோம்.

அடுத்தது வினைச்சொல். ஆங்கிலம் பெயர்ச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு வேறுபடுத்துவதை, தமிழ் பெரும்பாலும் வினையில் வேறுபடுத்திவிடும். ‘மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே’ என்று ஒருவர் தொடங்கினால், அவர் டயஸைச் சொல்கிறார் என்று யாரும் விளக்க வேண்டாம். வீற்றிருத்தல் என்றாலே பெருமிதத்தோடு அமர்ந்திருப்பது. ‘மேடையேறினார்’ என்றால் கீழே இருந்தவர் பேச வந்துவிட்டார். ‘மேடையை அலங்கரிக்கும்’ என்று தேய்ந்துபோன தொடர் ஒன்று உண்டு, அதிலும் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் சொல்கிறோம். (அதை நீங்கள் எழுதாமல் இருந்தால் நான் மகிழ்வேன்.) ‘மைக் பிடித்தார்’ என்றால் பேசத் தொடங்கினார், கொஞ்சம் கிண்டல் தொனி வேண்டுமென்றால் ‘மைக்கை விடமாட்டேன் என்கிறார்’. இவற்றில் எதற்கும் லெக்டர்னுக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

சில இடங்களில் மேடை என்ற சொல்லே தேவைப்படாது. ஒருவர் ரோஸ்ட்ரத்தை ‘எடுத்தார்’ என்று ஆங்கிலத்தில் வந்தால், ‘பேச எழுந்தார்’, ‘உரையாற்ற வந்தார்’ போதும். தளத்தை, அதாவது ஃப்ளோரை எடுத்தார் என்றும் வரும், அதுவும் பேச எழுந்தார்தான். தரையை யாரும் பெயர்த்து எடுக்கவில்லை. ஐ.நா. ரோஸ்ட்ரத்திலிருந்து உலகத்துக்குச் சொன்னார் என்று வந்தால், ‘ஐ.நா. பொதுச்சபையில் பேசுகையில் சொன்னார்’. அந்த அவையின் மேடையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பளிங்கு பின்னணி, மேலே அவைத் தலைவரும் பொதுச்செயலாளரும் அமரும் வரிசை, அதற்குக் கீழே முன்னால் பேசுபவர் நிற்கும் இடம். ஒரே மேடையில் உட்காரும் மட்டம் ஒன்று, நின்று பேசும் மட்டம் ஒன்று. உங்கள் விழாவில் இருப்பதும் இதே ஏற்பாட்டின் சிறிய வடிவம்தான்.

இணைச்சொல் பட்டியல் கேட்டிருந்தீர்கள். பட்டியலாகத் தந்தால் மறுபடி அதே சிக்கல் வரும் என்பதால், எது எதற்குப் பொருந்தும் என்று மட்டும் சொல்கிறேன்.

அவை, சபை, மன்றம் மூன்றும் ஆட்களின் கூட்டம், பலகை அல்ல. ‘அவையோரே’ என்று விளிப்பது கேட்க வந்தவர்களைத்தான். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் எதிரே இருப்பவர்களைப் பற்றியவை, காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றியவை அல்ல. ஆகவே ரோஸ்ட்ரத்துக்கு மன்றம் என்று யாராவது பட்டியல் போட்டிருந்தால் நம்பாதீர்கள். மன்றத்தில் பேசலாம், மன்றத்தின் மேல் ஏற முடியாது.

அரங்கு, அரங்கம் கொஞ்சம் வேறு. ஒரு செயல் நடப்பதற்கென்று வரையறுத்துவைத்த இடம் என்ற கருத்து அதில் ஓடுகிறது. ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்ற குறளில் அரங்கு என்பது காய் உருட்டி ஆடுவதற்குக் கீறிய கட்டம். ஆற்றுக்கு நடுவே நீர் சூழ்ந்த திட்டுக்கும் அரங்கம் என்ற பெயர் உண்டு. அப்புறம் ஆடும் மேடை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவே இருக்கிறது. மூங்கிலில் வெட்டிய கோலின் நீளம் 24 விரல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1. அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை சொல்லப்பட்டிருக்கிறது. இன்று மேடை ஒளியமைப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே கவலை. இந்தப் பின்னணியால் அரங்கம் என்றால் நமக்குக் கலை நிகழ்ச்சியும் பார்வையாளர் கூடமும்தான் நினைவுக்கு வரும். ‘அரங்கம் நிறைந்தது’ என்றால் நாற்காலிகள் நிறைந்தன. பேச்சுக்கு வரும்போது கருத்தரங்கு, கவியரங்கம் என்று நிகழ்வின் பெயராகிவிடுகிறது. பேச்சாளர் நிற்கும் இடத்துக்கு அரங்கு என்று எழுதினால், அவர் கூட்டத்துக்கு நடுவே நிற்பது போல ஆகிவிடும்.

பீடம் உயர்ந்த இருக்கை, தெய்வமோ குருவோ சிலையோ இருக்கும் இடம். நீதிபீடம், பலிபீடம் என்று கனமாகவே பழகிவிட்டது. தேவாலயத்தில் போதகர் நின்று பேசும் புல்பிட்டுக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் பிரசங்க பீடம் என்கிறார்கள், அது அங்கே நன்றாக நிலைத்த சொல். பள்ளிவாசலில் இமாம் ஏறி நின்று உரை நிகழ்த்தும் படிமேடைக்கு மிம்பர் என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது, அதை மாற்றத் தேவையில்லை. மதம் சார்ந்த மேடைகளுக்கு அந்தந்தச் சமயத்தார் சொல்லும் பெயரையே போடுங்கள். ஆண்டு விழாப் பேச்சாளரைப் பீடத்தில் ஏற்றாதீர்கள்.

பரண், மஞ்சம், திண்ணை எல்லாமும் உயரமான இடங்கள்தான். சில இணைச்சொல் பட்டியல்களில் இவையும் எட்டிப்பார்க்கும். பரணில் காவல் இருக்கலாம், சாமான் போடலாம். பேச்சுக்கு ஆகாது. தளம் என்பதை இப்போது இணையம் பிடித்துக்கொண்டுவிட்டது.

உங்கள் நிரலில் இல்லாவிட்டாலும், இந்த வேலையில் இருக்கும்வரை நாலைந்து உருவகச் சொற்கள் குறுக்கே வரும். அவற்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சோப்புப் பெட்டி மேல் ஏறினார் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. சோப்புக் கட்டிகள் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தெருவோரம் ஏறி நின்று பேசியதிலிருந்து வந்தது. தமிழில் ‘பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார்’ என்றால் அதே எரிச்சல் அப்படியே வந்துவிடும். ஸ்டம்ப் ஸ்பீச் என்றால் மரத்தை வெட்டிய அடிக்கட்டை மீது நின்று பேசியது. இன்று வேட்பாளர் ஊர் ஊராகப் போய் ஏறக்குறைய ஒன்றாகவே பேசும் பிரசாரப் பேச்சு. ஹஸ்டிங்ஸ் என்பது பிரிட்டனில் வேட்பாளர்களை மக்கள் முன் முன்மொழிந்த மேடை. 1872இல் ரகசிய வாக்குச்சீட்டு வந்ததோடு அந்த மேடை போய்விட்டது, சொல் மட்டும் தேர்தல் களம் என்ற பொருளில் தங்கிவிட்டது. பிளாட்ஃபார்ம் என்று ஒரு கட்சியைப் பற்றி வந்தால் அது கொள்கை நிலைப்பாடு, மேடை அல்ல. மிக மோசமான பொறி, புல்லி புல்பிட். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் பதவியைப் பற்றிச் சொன்னது. அதில் ‘புல்லி’ என்பது அந்தக் காலப் பேச்சு வழக்கில் ‘பிரமாதமான’ என்று பொருள்படும். அடாவடி செய்யும் மேடை என்று மொழிபெயர்த்தால் அவர் சொன்னதற்கு நேர் எதிராகிவிடும். நாடே காது கொடுக்கும் இடம் என்பது போல எழுதலாம்.

உங்கள் மூன்று தாள்களுக்கு வருகிறேன்.

அழைப்பிதழில் இந்த நான்கு சொற்களில் ஒன்றுகூட வேண்டாம். தமிழ் அழைப்பிதழுக்கு என்று ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. யார் உட்கார்ந்திருப்பார், யார் எழுந்து பேசுவார் என்பது அந்தத் தலைப்புகளிலேயே அடங்கிவிடுகிறது. முன்னிலை என்று பெயர் போட்டவர் மேடையில் இருப்பார், பேசாமலும் போகலாம், அது எல்லோருக்கும் தெரியும். டயஸில் அமர்வோர் என்று ஆங்கிலத்தில் தனிப் பட்டியல் இருந்தால், அதை முன்னிலையாக்க முடியுமா என்று விழாக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் இடம் மாறினால் வரும் மனவருத்தத்துக்கு அகராதியில் மருந்து கிடையாது.

தொகுப்பாளர் குறிப்பு வாய்விட்டுப் படிக்கப்படுவது. அதில் உங்கள் பத்தி இப்படி இருக்கலாம்:

‘சிறப்பு விருந்தினர்கள் மேடையில் அமர்ந்திருப்பார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் பேச்சாளர் இருக்கையிலிருந்து எழுந்து மைக் முன் வந்து பேசுவார். அவருடைய குறிப்புகள் முன்கூட்டியே பேச்சு மேசையில் வைக்கப்பட்டிருக்கும்.’

மேடை ஒருமுறைதான் வருகிறது, அதுவும் அமர்வதோடு வருகிறது. ‘மேடையிலிருந்து எழுந்து’ என்பது ‘இருக்கையிலிருந்து எழுந்து’ ஆகிவிட்டது. நாம் எழுவது நாற்காலியிலிருந்துதானே. மூன்றாவது மேடை மைக்காக மாறியது, நான்காவது மேசையாக மாறியது. ‘மைக் முன்’ என்பது எழுத்துக்குக் கொஞ்சம் இளக்காரமாகப் பட்டால் ‘ஒலிவாங்கி முன்’ என்று போடுங்கள். ஒலிபெருக்கி என்று மட்டும் எழுதாதீர்கள். அது சத்தம் வெளியே வரும் பெட்டி, அதன் முன் போய் நின்றால் காதுதான் வலிக்கும். பேச்சாளர் கூட்டத்தில் அமர்ந்திருந்து வருபவர் என்றால் ‘மேடைக்கு வந்து’ என்று இன்னொரு மேடையைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது அதற்கு வேலை இருக்கிறது. ரோஸ்ட்ரம் வரும் வரி, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தால், தலைவர் உரையாற்ற வருவதுதான். ‘தலைவர் உரையாற்ற வருகிறார்’ என்றே விட்டுவிடுங்கள். கம்பீரம் வேண்டுமென்றால் அது அவர் பேச்சில் வரட்டும்.

லெக்டர்னுக்குப் பேச்சு மேசை என்று நான் போட்டிருப்பதைப் பற்றி ஒரு வரி. உரைமேசை, வாசிப்பு மேசை, சாய்வு மேசை என்றும் எழுதுகிறார்கள், ஒன்றும் இன்னும் நிலைபெறவில்லை. வாசிப்பு மேசை என்றால் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது போலத் தோன்றும். சாய்வு மேசை, சாய்வு நாற்காலியை நினைவூட்டுகிறது. உரைமேசை அழகாக இருக்கிறது, அச்சில் பொருந்தும், ஆனால் வாயால் சொல்லும்போது எதிரே இருப்பவர் ‘என்ன மேசை?’ என்று கேட்பார். பேச்சு மேசை முதல் தடவையிலேயே புரிகிறது. ஆவணம் முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். அழகுக்காக மாற்றி மாற்றி எழுதினால், இரண்டு பொருள் இருக்கிறதோ என்று படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

பொருள் பட்டியல்தான் மூன்றிலும் கவனமாகச் செய்ய வேண்டியது, ஏனென்றால் தவறினால் பொருளே வராது. அங்கே நல்ல தமிழைவிடச் சரியான பொருள் முக்கியம். மேடை அமைப்பவர்கள் போடியம் என்று சொன்னால் போடியம் என்றே எழுதுங்கள். ஆனால் ஆங்கில மூலத்தின் போடியமும் அவர்களுடைய போடியமும் ஒன்றாக இருக்காது என்பதால், பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் வேண்டும். மாதிரிக்கு: ‘மேடை: தரையிலிருந்து உயர்த்திய தளம், விருந்தினர் நாற்காலிகளும் முன்மேசையும் இதன் மேல். போடியம் ஒன்று: நின்று பேசும் மேசை, மேல்பலகை சாய்வாக, காகிதம் நழுவாமல் கீழ்விளிம்பில் தடுப்புடன், முகப்பில் சின்னம் ஒட்ட இடம். மைக் இதில் பொருத்தப்படும்.’ மூலத்தில் போடியம், லெக்டர்ன் இரண்டும் தனித்தனி வரியாக வந்திருந்தால், ஏறி நிற்கும் சிறுமேடையும் கேட்கிறார்களா, அல்லது எழுதியவர் ஒரே மேசையை இரண்டு பெயரில் எழுதிவிட்டாரா என்று அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுதினால் விழா நாளன்று இரண்டு மேசை வந்து நிற்கும். அலகுமேடை சொன்ன நண்பரை வேண்டுமானால் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யச் சொல்லலாம்.